வடக்கு வரிசையின் பதிவேடு: சேகரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபை ஆயர் அவர்களுக்கும், சேகரக் குழுவின் செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில், ஓலை என்று நாம் சொல்லும் திருமண அறிவிப்புகளுக்கும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்ட அறிவிப்புக்கும் இடையில், உங்கள் சுற்றறிக்கை ஒன்று வாசிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தின் வடக்குப் பகுதியிலுள்ள ஆறு வரிசைகளில் "உரிமை கோரப்படாத மண் கல்லறைகள்" சமன்படுத்தப்படும் என்றும், அந்த இடத்தில் அடுக்குக் கல்லறைகள் கட்டப்படும் என்றும், குடும்பத்துக்கென முன்பதிவு செய்ய விரும்புவோர் அலுவலகத்தில் முன்பணம் செலுத்தலாம் என்றும் அதில் இருந்தது. வாசித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஆறு வரிசைகளில் நான்காவதில், என் தாயாருக்கு இடப்பக்கத்தில், என் தகப்பனார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 24 ஆண்டுகள் இராணுவத்திலும், அதன்பின் 25 ஆண்டுகள் இதே சபையில் ஏழைகளையும் விதவைகளையும் விசாரிக்கும் உதவிக்காரராகவும் இருந்தவர் அவர். அந்த வரிசைகளில் யார் எங்கே அடக்கமாகியிருக்கிறார்கள் என்பதற்குச் சபையிடம் இருக்கும் ஒரே பதிவேட்டை எழுதியவரும் அவரே.

ஆகையால் "உரிமை கோரப்படாத" என்ற சொல்லை நான் ஏற்பதற்கில்லை. அந்தச் சொல் எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். தனியாகக் கேட்டுப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. அதனால் சபையார் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் தகப்பனார் 1964-ஆம் ஆண்டு, தமது 18-ஆம் வயதில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் இராணுவப் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். 1780-இல் தொடங்கப்பட்ட அந்தப் படைக்குப் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே சேருகிற எவருக்கும் மற்றப் படைகள் வைத்திருக்கும் பெயர் "தம்பி" என்பதுதான்; பஞ்சாபியும் தோக்ராவும்கூட அவர்களைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள் என்று அப்பா சொல்வார். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. காலாட்படையும் டாங்கிகளும் போவதற்கு முன்னால் இவர்கள் தவழ்ந்து போக வேண்டும்.

1971 டிசம்பரில் அவருடைய யூனிட் மேற்கு எல்லையில், சகர்கர் பகுதியில் இருந்தது. பசந்தர் ஆற்றைத் தாண்டிப் பாகிஸ்தான் படை கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தது. 15-ஆம் தேதி இரவு அந்த நிலத்தின் ஊடாக வழி திறக்கும் வேலை பாதிதான் முடிந்திருந்தபோது, இனியும் காத்திருக்க முடியாதென்று 17 பூனா ஹார்ஸ் என்ற கவசப் படைப்பிரிவின் டாங்கிகள் உள்ளே நுழைந்தன. அடுத்த நாள் அந்தப் படையைச் சேர்ந்த 21 வயது அருண் கேத்ரபால் கொல்லப்பட்டு, பின்னர் பரம்வீர் சக்ரா பெற்றது ஊரறிந்த செய்தி. அந்த இரவைப் பற்றி அப்பா எங்களிடம் சொன்னதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. குளிரில் விரல் மரத்துப்போனால், கண்ணிவெடி தேட மண்ணில் செலுத்தும் கம்பியின் நுனி எதன்மேல் பட்டது என்று தெரியாது, அதனால் முறை வைத்து விரல்களை வாயில் வைத்துச் சூடேற்றிக்கொண்டோம் என்றார். நான் சிறுமியாக இருந்தபோது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இன்னொன்றையும் அவர் அடிக்கடி சொல்வார், அதுதான் இந்த விஷயத்துக்கு வேண்டியது. நம் படை ஓரிடத்தில் கண்ணிவெடி புதைத்தால், அதற்குப் பதிவு எழுதியாக வேண்டும். நிலத்தில் அசையாத அடையாளங்களைத் தேர்ந்தெடுத்து, கிணற்று மேடையோ பாலத்தின் தூணோ, அவற்றிலிருந்து தூரத்தையும் திசையையும் அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். புதைத்தவன் செத்தாலும், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், பின்னால் வருகிறவன் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுக்க வேண்டும். பதிவு இல்லாமல் மண்ணில் எதையும் வைக்கக் கூடாது என்பது அவருக்கு அங்கே ஊட்டப்பட்ட ஒழுங்கு.

1978-இல் என் தம்பி பிறந்து ஐந்தாம் மாதம் வயிற்றுப்போக்கில் இறந்தான். அப்பா அப்போது அசாமுக்கு அப்பால் ஒரு மலைமுகாமில் இருந்தார். தந்தி கிடைத்து, லீவு கிடைத்து, லாரியும் இரயிலும் மாறி மாறி, காட்பாடியில் அவர் வந்து இறங்கியபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. குழந்தை இறந்த அன்றே அடக்கம் முடிந்துவிட்டது. அன்று இரவு நல்ல மழை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர், வடக்கு மூலையில் கையை ஒரு வட்டமாக வீசிக் காட்டி, "இங்கதாங்க எங்கியோ" என்றார். குழந்தைக் குழி சிறியது, மேடும் சிறியது, மழையில் கரைந்துவிட்டது. சீருடையோடு வந்து நின்ற என் தகப்பனார் அந்த மூலையில் வெகுநேரம் நின்றார் என்று அம்மா சொல்வார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எனக்கு நினைவிருப்பது, அவர் பூட்ஸை அங்கேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து வந்தது மட்டும். எந்த இடத்தை மிதித்தோம் என்று தெரியாததால் அப்படிச் செய்தாராம்.

1988-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று ஊருக்கு வந்தார். 1991-இல் சபையார் அவரை உதவிக்காரராகத் தெரிந்தெடுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று ஒரு கூட்டத்தார் முறுமுறுத்ததனால் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரிலிருந்துதான் இந்த ஊழியம் வருகிறது. அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை சைக்கிளில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு, ஏழைகள் நிதிப் பணத்தைத் தனித்தனி உறையில் போட்டு, விதவைகள் வீட்டுக்குப் போவார். உறைமேல் பெயர் எழுத மாட்டார், எண் மட்டும் இருக்கும். பக்கத்து வீட்டார் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த சீட்டுகளை நூலில் கோத்து ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். 25 ஆண்டுகளில் தணிக்கைக்கு வந்த எவரும் அவர் கணக்கில் ஒரு ரூபாய் பிழை சொன்னதில்லை. உங்கள் குழுவில் இப்போது இருக்கும் இருவர் அந்தத் தணிக்கைகளில் கையெழுத்திட்டவர்கள்.

அவரிடம் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிடிவாதக்காரர். மிலிட்டரி கேன்டீனில் அவருக்கு உரிய ரம் பாட்டில்களை ஒரு மாதம்கூட வாங்கியதில்லை. உதவிக்காரர் மதுபானப்பிரியராய் இருக்கலாகாது என்று பவுல் எழுதியிருக்கிறார், வாங்கிக் கொடுப்பதும் அதில் சேரும் என்பது அவர் வாதம். அட்டையையாவது கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்ட உறவினர்கள் பலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். என் திருமணத்துக்கு அவர்களில் பாதிப்பேர் வரவில்லை.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 2007-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. 2009-இல் இறக்கும்வரை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் இருந்தும், தாயாரைக் குளிப்பாட்டுவதையும் தலை வாருவதையும் எங்களிடம் விடவில்லை. நாள்தோறும் காலை ஐந்து மணிக்குப் படுக்கை விரிப்பை மாற்றி, நான்கு மூலைகளையும் பட்டாளத்து முறையில் இழுத்து மடித்துச் செருகுவார். ஒரு சுருக்கம் இருக்காது. சுருக்கம் இருந்தால் முதுகில் புண் வரும் என்றார். இரண்டு ஆண்டுகள் படுத்திருந்த அம்மாவின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. அடக்கத்துக்கு முன் உடலைக் கழுவிய பெண்கள் அதைப் பார்த்து வியந்து சொன்னார்கள்.

உதவிக்காரரான முதல் ஆண்டிலேயே அவர் கல்லறைப் பதிவேட்டைத் தொடங்கினார். அதற்கு முன் சபையிடம் இருந்தது அடக்க ஆராதனைப் புத்தகம் மட்டும். அதில் பெயரும் தேதியும் உண்டு, இடம் இல்லை. சிவப்புத் துணி முதுகு வைத்த நீளக் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், குழி எண், பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், அடக்கத் தேதி, தெரு, பொறுப்பான உறவினர் என்று பத்திகள் பிரித்தார். கிணற்றின் தென்கிழக்கு மூலையும் வாசல் தூணும்தான் அவருடைய அசையாத அடையாளங்கள். ஒவ்வொரு கல்லறையின் தலைமாடும் இவ்விரண்டிலிருந்தும் எத்தனை அடி என்று நாடா பிடித்து அளந்து எழுதினார். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் நான். எனக்கு அப்போது 20 வயது, தோழிகள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. பழைய கல்லறைகளுக்கு அவர் வீடு வீடாகப் போனார். கிழவிகளைக் கைபிடித்துத் தோட்டத்துக்கு அழைத்து வந்து, "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில் முளை அடித்தார். அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின.

புதிதாகக் குழி வெட்டும்போதெல்லாம் அவர் போய்விடுவார். அவரிடம் நீளமான இரும்புக் கம்பி ஒன்று இருந்தது, முனை மழுங்கியது. வெட்டுவதற்கு முன் மண்டியிட்டு, அந்தக் கம்பியை நேராகக் குத்தாமல் சாய்வாக, மெதுவாகச் செலுத்துவார். கண்ணிவெடி தேடுகிறவன் மேலிருந்து குத்தினால் அதன் தலையில் படும், சாய்த்துச் செலுத்தினால் பக்கத்தில் படும் என்று கற்றது அவர் கையை விட்டுப் போகவில்லை. பழைய பெட்டியின் பலகை அடியில் இருந்தால் கம்பி சொல்லும். இருந்தால் ஓரடி தள்ளி வெட்டச் சொல்வார். அவர் இருந்த காலத்தில் நம் தோட்டத்தில் மண்வெட்டியில் எலும்பு வந்தது என்ற பேச்சு எழுந்ததே இல்லை. குழி வெட்டுகிற அண்ணன் ஒருவர் இன்றும் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

என் தம்பியின் இடத்தை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதிவேட்டில் ஆறாம் வரிசை முடிவில் ஒரு வரி இருக்கிறது: "ஆண் குழந்தை, ஐந்து மாதம், 1978, இந்த மூலையில்." தூரம் எழுத வேண்டிய இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கின்றன. பதிவேடு முழுவதிலும் தூரக் கட்டங்கள் காலியாக உள்ள வரி அது ஒன்றுதான்.

2016-இல் உடல் தளர்ந்து அவர் ஊழியத்திலிருந்து விலகியபோது, அந்தப் பதிவேட்டை அன்றைய செயலரிடம் ஒப்படைத்தார். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன அண்ணே, எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்று சிரித்தபோதும் விடவில்லை. கொடுப்பதற்கு முன் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து எனக்கு ஒரு கட்டு தந்தார். சீட்டும் நகலும் என்னிடம் இருக்கின்றன. 2017-இல் அவர் இறந்தார்.

சுற்றறிக்கை வாசிக்கப்பட்ட வாரம் நான் அலுவலகத்துக்கு வந்தேன். பதிவேட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. பிறகு, "கட்டின கல்லறையா, மண் கல்லறையா?" என்று என்னைக் கேட்டார்கள். மண் கல்லறை என்றேன். "மண் கல்லறைன்னா அது பொது இடம்தாம்மா. நீங்க முன்பதிவு பண்ணுங்க, அப்பா அம்மாவுக்குச் சேர்த்து ஒரு அறை ஒதுக்கலாம்" என்றார்கள். சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார்; நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஆனால் என் பெற்றோர் ஏற்கெனவே இருக்கும் இடத்தை எனக்கே விலைக்குத் தருகிறேன் என்கிறார் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அப்பாவின் கல்லறை ஏன் மண்ணாக இருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களால் கட்ட முடியாமல் இல்லை. அம்மாவை அடக்கம் செய்தபோதே அவர் சொல்லிவிட்டார்: சிமெண்டு போட்டால் அந்த இடம் நமக்கே என்றாகிவிடும், தோட்டம் சிறியது, பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். அவருடைய பதிவேட்டிலேயே, ஒரே குடும்பத்தார் பழைய குழியைத் திறந்து அடுத்தவரை அதே இடத்தில் வைத்ததற்கான குறிப்புகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உறவினர் சம்மதக் கையெழுத்து உண்டு. இடப் பற்றாக்குறை என்று நீங்கள் சொல்லும் காரணம் உண்மையானது, நான் மறுக்கவில்லை. சென்னைக் கல்லறைத் தோட்டங்களுக்கு வந்த நெருக்கடி நம் ஊருக்கும் வந்துவிட்டது. ஆனால் இடத்தைச் சபைக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்களின் கல்லறையைத்தான் நீங்கள் முதலில் இடிக்கப் போகிறீர்கள். பெரிய பாதையின் இருபுறமும் ஒருவருக்கு மூவர் இடம் பிடித்து கிரானைட் பதித்து நிற்கும் கல்லறைகளைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு சொல் இல்லை.

அந்த வடக்குப் பகுதி யாருடையது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள், பீடி சுற்றியவர்கள், மிஷன் ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்தவர்கள், பட்டாளத்தில் கூலி ஆளாகப் போய்த் திரும்பியவர்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் அந்த இடத்துக்கும் கிழக்குப் பகுதிக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. அது எதற்காக இருந்தது என்றும் நமக்குத் தெரியும், திருவிருந்துப் பாத்திரம் யாருக்கு முதலில் போனது என்பதும் தெரியும். வேலி போய்விட்டது. அப்பா தம் பதிவேட்டில் வரிசை எண்களை இரு பகுதிக்கும் தொடர்ச்சியாகக் கொடுத்தார். வடக்கு, கிழக்கு என்று தனித் தனிப் புத்தகம் போடச் சிலர் சொன்னபோது மறுத்தார். உங்கள் சுற்றறிக்கை அந்த வேலியை மறுபடியும், இந்த முறை முன்பணத்தை வைத்து, அதே கோட்டில் போடுகிறது. நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றே நம்புகிறேன். ஆனாலும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது.

நகலை வைத்து நான் ஒரு வாரம் சரிபார்த்தேன். நீங்கள் குறிப்பிட்ட ஆறு வரிசைகளில், பொறுப்பான உறவினர் பத்தியில் பெயர் இல்லாத கல்லறைகள் மிகச் சில. மற்றவை எல்லாவற்றுக்கும் ஒருவர் பெயர் இருக்கிறது. அவர்களில் பலர் இன்றும் சங்கக் காணிக்கை கட்டுகிறவர்கள். ஒருவர் உங்கள் குழுவிலேயே இருக்கிறார். அவருடைய பாட்டி இரண்டாம் வரிசையில் இருப்பது அவருக்கு நினைவில்லை போலும். பெயர்களை இங்கே எழுதவில்லை, அவர்களிடம் நான் அனுமதி வாங்கவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலையில் அந்த ஆறு வரிசைகளில் எரியும் மெழுகுவர்த்திகளை ஆயர் அவர்கள் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுதான் ஜெபிக்கிறார். அதைவிட வேறு எப்படி உரிமை கோர வேண்டும்?

பெயரில்லாமல் விடுவதால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. முதல் உலகப்போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படைவீரர்களின் கல்லறைகளுக்காக 1917-இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். பதவி பார்க்காமல், மதம் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே மாதிரி நினைவு என்பது அதன் கொள்கை. சென்னை நந்தம்பாக்கத்தில் அந்த ஆணையம் பராமரிக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அப்பா எங்களை ஒருமுறை அழைத்துப் போனார். புல் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்ததை விரல் வைத்து அளந்து பார்த்தார். அதே ஆணையம் 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அந்தப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டது. அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூட இருக்கலாம் என்றும் சொன்னது. பெயர்ப்பட்டியலை அன்று சரியாக வைக்காததால் நூறு ஆண்டு கழித்தும் கணக்கு எடுக்க முடியவில்லை. நம்மிடம் பட்டியல் இருக்கிறது. இருந்தும் அதைத் திறந்து பார்க்காமல் ஜேசிபியை வரச் சொல்கிறோம்.

அந்த ஆணையம் உலகப்போர்களில் இறந்தவர்களுக்கானது. 1971-இல் பிழைத்து வந்து, பென்ஷன் வாங்கி, தம் வீட்டுக் கட்டிலில் இறந்த ஒரு ஹவில்தாரின் கல்லறையை அது பார்க்காது. அவருக்கு இருப்பது அவருடைய சபை மட்டுமே. இராணுவம் மரியாதை செய்யவில்லை என்று நான் குறைப்படவில்லை. அடக்கத்தன்று முன்னாள் படைவீரர்கள் எட்டுப் பேர் தொப்பி வைத்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள், அவருக்கு அது போதும். இடத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு நம்முடையது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 297-ஆம் பிரிவாக இருந்தது, அடக்க இடங்களில் அத்துமீறுவதைக் குற்றமாகச் சொல்கிறது. பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும் என்பது மட்டும் அல்ல, புண்படக்கூடும் என்று தெரிந்திருந்தாலே போதும் என்பது அதன் வாசகம். இம்மடல் உங்கள் கைக்கு வந்தபின் தெரியாது என்று நீங்கள் சொல்வதற்கில்லை. காவல் நிலையத்துக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. சபை விவகாரத்தை அங்கே கொண்டுபோனவர்களை அப்பா மன்னித்ததே இல்லை.

நான் உங்களிடம் கேட்பவை இவை. வடக்குப் பகுதியைச் சமன்படுத்தும் தீர்மானத்தையும் முன்பதிவையும் உடனே நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் வாங்கிய முன்பணம் இருந்தால் திருப்பித் தர வேண்டும். "உரிமை கோரப்படாத" என்ற சொல்லைத் திரும்பப் பெறுவதாக, அதை வாசித்த அதே அறிவிப்பு நேரத்தில், வாசிக்க வேண்டும். பதிவேட்டைத் தேடி எடுத்து, ஆறு வரிசைகளிலும் உள்ள பெயர்களைத் தெருவாரியாக ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தொடர்ந்து நான்கு ஞாயிறு வாசிக்கவும் வேண்டும், ஓலையை மூன்று முறை வாசிக்கிற நமக்கு இது புதிதல்ல. ஊரை விட்டுப் போன குடும்பங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். முகவரி தேடும் வேலையை நான் செய்கிறேன், தபால் செலவும் என்னுடையது.

இடம் வேண்டுமென்றால், குடும்பத்தாரின் எழுத்துச் சம்மதத்தோடு பழைய குழிகளைத் திறந்து பயன்படுத்தும் வழக்கத்தை வடக்கு, கிழக்கு என்று பாராமல் தோட்டம் முழுவதற்கும் விதியாக்குங்கள். கட்டின கல்லறைக்கும் அது பொருந்த வேண்டும். எங்கள் பெற்றோரின் குழிகளைத் திறந்து எங்களை அதில் வைக்க நானும் என் உடன்பிறந்த இருவரும் இப்போதே சம்மதக் கையெழுத்துத் தருகிறோம். எங்களுக்கென்று தனி இடம் கேட்க மாட்டோம். தோண்டுவது எதுவானாலும் கையால் தோண்ட வேண்டும், இயந்திரம் தோட்டத்துக்குள் வரக் கூடாது. உறவினர் எவரும் இல்லை என்று தேடியபின் உறுதியாகும் சில கல்லறைகளுக்குச் சபையே உறவினர் என்று பதிவேட்டில் எழுதி, அவர்கள் பெயர்களை ஒரே கல்லில் வெட்டி வடக்குச் சுவரில் பதிக்க வேண்டும். கல்லின் கடைசியில் "ஆண் குழந்தை, ஐந்து மாதம், 1978" என்ற வரியும் இருக்க வேண்டும்.

இவற்றுக்கு அடுத்த சேகரக் குழுக் கூட்டத்தில் முடிவெடுத்து, எழுத்தில் பதில் தாருங்கள். பதிவேடு உண்மையிலேயே காணாமற்போய்விட்டது என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். என்னிடமுள்ள நகலைப் புதிதாகக் கட்டடம் செய்து, மறுநாளே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். ஒப்புகைச் சீட்டு மட்டும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உதவிக்காரரின் மூத்த மகள்,
இச்சபையின் உறுப்பினர்